நீர் வடிந்த நிலத்தில் ஓர் இரவு

சஹ்யாத்ரி மலையின் அணைக்கரைகளில் கூடாரம் அடித்துத் தங்குவது மும்பைத் தமிழர்களின் புதிய வாரக்கடைசி. அந்தக் கரை யாருடையது என்பதோ பழைய கேள்வி.

மே மாதச் சனிக்கிழமை. மாலை 6 மணி. பாவ்னா ஏரியின் கரையில், அம்பர்நாத்திலிருந்து வந்த நான்கு தமிழ்க் குடும்பங்கள் கூடாரம் போட்டுக்கொண்டிருக்கின்றன. இரும்பு முளையைத் தரையில் அடித்து இறக்க வேண்டும். கையளவு ஆழம் போனதும் முளை நின்றுவிடுகிறது. இன்னும் ஓங்கி அடித்ததில் அது வளைந்ததுதான் மிச்சம். உதவிக்கு வந்த உள்ளூர் இளைஞர் கைகாட்டித் தடுக்கிறார். "அங்கே இறங்காது. கீழே பழைய ஊர் இருக்கிறது" என்கிறார் மராத்தியில். பத்தடி தள்ளிப்போய் முளை அடிக்கிறார்கள். அங்கே இறங்குகிறது.

பழைய ஊரைப் பற்றி யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. வெளிச்சம் போவதற்குள் விறகு சேர்க்க வேண்டும். புளியோதரைப் பொட்டலங்களை எறும்புக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். "பாத்ரூம் எங்கே?" என்று கேட்கும் எட்டு வயதுச் சிறுமிக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லும் பொறுப்பு சித்தியிடம் விடப்படுகிறது. சித்தி ஒரு புதரைக் காட்டுகிறார். சிறுமி நம்பவில்லை.

குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, விளக்கு இல்லை. தரை, தண்ணீர், வானம் மட்டும். அமெரிக்கப் பூங்கா நிர்வாகங்கள் இதற்கு 'ஆதி முகாம்' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்திருக்கின்றன. நம் தாத்தாக்கள் மாட்டுவண்டியில் திருவிழாவுக்குப் போய் ஆற்றங்கரையில் தங்கியபோது அதற்குப் பெயர் தேவைப்படவில்லை. இன்று அதே அனுபவத்துக்கு ஒரு இரவுக்குத் தலைக்கு ரூ. 1,000 முதல் ரூ. 1,500 வாக்கில் கட்டணம். சாப்பாடும் கூடாரமும் அதில் அடக்கம். இந்தக் குடும்பங்கள் கூடாரத்துக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. தயிர் சாதத்தை நம்பும் அளவுக்கு வேறெதையும் நம்புவதில்லை என்பது கொள்கை.

ஏன் வருகிறார்கள்?

அம்பர்நாத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். கல்யாணைத் தாண்டிய ரயில் நகரம் அது. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை அந்த ஊருக்குச் சிவகாசியைப் போல் பெயர் வாங்கித் தந்தது ஒரு காலம். பிறகு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையும் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையும் ஊரை வளர்த்தன. வேலைக்கு வந்தவர்களோடு, தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வீடு வாங்க வழியில்லாமல் ரயில் பாதையோடு நகர்ந்து வந்த தமிழர்களும் சேர்ந்தார்கள். இப்போது தினமும் ஒன்றரை மணி நேரம் லோக்கலில் நசுங்கி மும்பைக்குப் போகிறார்கள். அதேபோல நசுங்கித் திரும்புகிறார்கள்.

ஊரில் தண்ணீர் ஓரமாக உட்கார இடம் இல்லையா? உண்டு. 1060-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ள சிவாலயம், சிலாஹார மன்னர்கள் காலத்தது, அம்பர்நாத்தின் பெருமை. அதை ஒட்டி ஓடுகிறது வால்துனி ஆறு. ஆனால் கோயிலுக்குப் போகிறவர்கள் ஆற்றின் பக்கம் மூக்கைத் திருப்புவதில்லை. தொழிற்சாலைக் கழிவும் சாக்கடையும் சேர்ந்து பல ஆண்டுகளாக அதன் நிறத்தை மாற்றிவிட்டன. ஆயிரம் ஆண்டுக்கு முன் கோயில் கட்ட இடம் தேடிய மன்னன் இன்று வந்தால் வேறு கரை தேடுவான். அதைத்தான் குடும்பங்களும் செய்கின்றன.

தேடினால் தூரம் அதிகமில்லை. லோக்கலில் கர்ஜத். அங்கே ரயிலின் பின்னால் கூடுதல் என்ஜின் பூட்டி மலையேறினால் லோனாவாலா. இன்னும் சற்றுப் போய் காம்ஷெட்டில் இறங்கி ஜீப் பிடித்தால் பாவ்னா. லோஹகட், விசாபூர், துங், திகோனா என்று நான்கு கோட்டைகள் சுற்றி நிற்க, நடுவே தண்ணீர். இன்னொரு திசையில் இகத்புரி வழியாகப் போனால் பண்டார்தரா. மகாராஷ்டிராவின் மிக உயர்ந்த சிகரமான, 1,646 மீட்டர் உயரமுள்ள கல்சுபாயின் அடிவாரம் அது. அங்குள்ள ஏரியின் மறுமுனையில், ரதன்வாடி கிராமத்தில், அமிர்தேஷ்வர் கோயில். அதுவும் சிலாஹாரர் காலத்தது என்பார்கள். அம்பர்நாத்காரர்களுக்கு அந்தக் கல் வேலைப்பாடு சொந்த ஊர்ச் சாயலில் தெரிவதில் வியப்பில்லை.

மழைநாட்டில் பாலை

கோடையில் இந்த ஏரிகளைப் பார்ப்பவர்கள் முதலில் ஏமாறுவார்கள். படத்தில் பார்த்த பச்சை எங்கே? லோனாவாலாப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னைக்குக் கிடைப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் அத்தனையும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை தண்ணீரை அதிகம் பிடித்து வைப்பதில்லை. மே மாதத்தில் புல் காய்ந்து வைக்கோல் நிறம். ஏரியின் விளிம்பு உள்வாங்கி, கரை நெடுக வெடித்த சேற்று நிலம். பகலில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது.

தமிழனுக்கு இது புதிதல்ல. நம் பழைய இலக்கணத்தில் பாலை என்று தனியாக ஒரு நிலம் இல்லை. காடும் மலையும் கோடையில் காய்ந்து தன் குணம் இழந்தால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்தக் கணக்கில் பாவ்னாவின் கரை ஆண்டில் சில மாதங்கள் பாலைதான். நடுவில் ஏரி இருக்கும் பாலை.

உண்மையான பாலைவனத்திலும் ஏரிக்கரை முகாம்கள் உண்டு. லடாக்கின் குளிர்ப் பாலைவனத்தில் 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் பாங்காங் ஏரி ஒன்று. 2009-இல் வெளிவந்த 'த்ரீ இடியட்ஸ்' படத்தின் கடைசிக் காட்சி அங்கே எடுக்கப்பட்டது. அதன் பிறகு கரையில் கூடாரங்கள் பெருகின. அமெரிக்காவின் நெவாடா, அரிசோனா பாலைவனத்தில் ஹூவர் அணை தேக்கிய மீட் ஏரி இன்னொன்று. 1930-களில் அணை எழும்பியதும், ஏரியைச் சுற்றியுள்ள பகுதி பொழுதுபோக்குப் பரப்பாக ஒதுக்கப்பட்டது. அந்த நாட்டில் இந்த வகைக்கு அதுவே முன்னோடி. அங்கேயும் குழாயும் விளக்கும் இல்லாத கரையில் மக்கள் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள்.

பாவ்னாவுக்கும் மீட் ஏரிக்கும் பொதுவானது ஒன்று உண்டு. இரண்டும் இயற்கை ஏரி அல்ல. இரண்டுக்கும் அடியில் ஊர் இருக்கிறது.

தண்ணீர் இறங்கினால் தெரிவது

மீட் ஏரிக்குள் 1938-இல் மூழ்கியது செயின்ட் தாமஸ் என்ற சிற்றூர். வறட்சியில் நீர்மட்டம் சரியத் தொடங்கிய பின், வீடுகளின் அடித்தளங்களும் படிக்கட்டுகளும் வெளியே வந்து கிடக்கின்றன. 2022 ஜூலையில் ஏரி நிரம்பிய காலத்திலிருந்து காணாத அளவுக்கு, கொள்ளளவில் கால் பங்கு வாக்கில், தண்ணீர் இறங்கியது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். மேட்டூர் அணையில் தண்ணீர் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும், பழைய தேவாலயத்தின் கோபுரமும் தலைகாட்டும். டெல்டா விவசாயிக்கு அது வயிற்றில் புளியைக் கரைக்கும் காட்சி. வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கு அது பரிசல் சவாரி. 1934-இல் அணை முடிந்தபோது அந்த ஊர்களை விட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது வேறு ஏதோ.

பாவ்னாவில் வெளியே வருவது வாகேஷ்வர் கோயில். நூற்றாண்டுகள் பழமையான கருங்கல் கட்டடம். ஆண்டில் பெரும் பகுதி தண்ணீருக்குள் இருக்கும். கோடையில் நீர் இறங்கியதும் சேறு பூசிய தூண்களோடு கரையேறும். அப்போது பக்கத்துக் கிராமத்தார் போய்க் கும்பிடுகிறார்கள். கூடாரத்துக்காரர்கள் போய்ப் படம் எடுக்கிறார்கள்.

அந்தக் கோயிலைச் சுற்றி இருந்த வயல்கள் 1970-களின் தொடக்கத்தில் அணைக்காகப் போயின. மாற்று நிலம் தருவதாகச் சொன்னார்கள். சிலருக்குக் கிடைத்தது. பல நூறு குடும்பங்கள் அரை நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. மூழ்கிய நிலத்தின் தண்ணீர் பிம்ப்ரி-சிஞ்ச்வட் நகரத்தின் குழாய்களுக்குப் போகிறது. அணையிலிருந்து நகரத்துக்கு மூடிய குழாய் போடும் திட்டத்தை எதிர்த்து 2011 ஆகஸ்ட் 9-இல் மாவள் தாலுகா விவசாயிகள் மும்பை-புனே விரைவுச் சாலையை மறித்தார்கள். போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். ஆற்றில் ஓடினால் வழியில் வயலுக்குக் கொஞ்சம் கிடைக்கும், குழாயில் போனால் கிடைக்காது என்பது விவசாயிகளின் அச்சம்.

பொழுதுபோக்க வருபவர்களின் காதில் இதெல்லாம் விழுவதில்லை. விழ வேண்டிய அவசியமும் இல்லை என்று வாதிடலாம். ஆனால் கூடாரம் போட இடம் கொடுப்பவர்கள் யார்?

கூடாரப் பயிர்

பெரும்பாலும் அதே கிராமங்களின் இளைஞர்கள்தான். அணை நிரம்பும் எல்லைவரை உள்ள நிலம் அரசு எடுத்துக்கொண்டது. அதற்கு மேலே மிஞ்சிய சரிவான துண்டு நிலங்கள் குடும்பங்களிடம் இருக்கின்றன. மழைக்காலத்தில் ஒரு போக நெல். பிறகு எட்டு மாதம் சும்மா. அந்த எட்டு மாதத்துக்கு ஒரு புதிய பயிர் கிடைத்திருக்கிறது: கூடாரம்.

கணக்கு எளிது. ஒரு சனிக்கிழமை இரவுக்கு இருபது பேர் வந்தாலே, ஒரு போக நெல் தராத ரொக்கம் கைக்கு வரும். வீட்டுப் பெண்கள் பாக்ரியும் பிட்லாவும் சமைக்கிறார்கள். தம்பிமார் விறகு விற்கிறார்கள். ஜீப் வைத்திருக்கும் மாமா காம்ஷெட்டுக்கும் கரைக்கும் நடக்கிறார். வேலை தேடி நகரத்துக்குப் போக வேண்டியிருந்த ஒரு தலைமுறையில் சிலராவது ஊரில் தங்க முடிந்திருக்கிறது. அணை எடுத்ததில் ஒரு சிறு பகுதியை அணையே திருப்பித் தருகிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் பணம் வரும் இடத்துக்குப் பணக்காரர் வருவதும் வழக்கம். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வெளியூர்க்காரர்கள் நடத்தும் முகாம்கள் உண்டு. அங்கே மேடை உண்டு, பாட்டுப் பெட்டி உண்டு, வண்ண விளக்கு உண்டு. ஏரிதான் பின்னணித் திரை. நள்ளிரவு வரை அலறும் ஒரு முகாம் இருந்தால் போதும், ஒரு மைல் சுற்றளவில் 'ஆதி' எல்லாம் அடிபட்டுப் போகும்.

பண்டார்தராவில் இதற்கு விலை கொடுப்பது மின்மினிகள். 1910-இல் தொடங்கி 1926-இல் முடிந்த வில்சன் அணை அங்கே பிரவரா ஆற்றைத் தடுத்து 11 டி.எம்.சி. தண்ணீரைத் தேக்குகிறது. சுற்றிலும் வனவிலங்குச் சரணாலயம். மகாதேவ் கோலி பழங்குடியினரின் கிராமங்கள். மே இறுதியிலிருந்து முதல் மழை வலுக்கும்வரை அங்குள்ள மரங்களில் லட்சக்கணக்கான மின்மினிகள் ஒளிரும். ஒரு மரம் முழுக்க மினுங்கி அணையும். அடுத்த மரம் பதில் சொல்லும். அது நமக்கான தீபாவளி அல்ல. துணை தேடும் ஆண் பூச்சியின் அழைப்பு. பக்கத்தில் ஒரு காரின் முகப்பு விளக்கு எரிந்தால் அழைப்பு தெரியாது. அழைப்பு தெரியாவிட்டால் முட்டை இல்லை. முட்டை இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு பார்க்க எதுவும் இல்லை. வனத்துறை கட்டுப்பாடுகள் விதிக்கிறது. கூட்டமோ வாரக்கடைசியில் வரிசையாக விளக்குப் போட்டுக்கொண்டு வருகிறது.

ஒரு கலனின் கதை

சரி, நம் சிறுமியின் கேள்விக்கு வருவோம். பாத்ரூம் எங்கே?

சிரிப்பதற்கான கேள்வி அல்ல. இந்த விவகாரத்தின் மையமே அதுதான். ஒரு சனிக்கிழமை இரவு சில நூறு பேர் கரையில் தங்கினால், அவர்கள் விட்டுப்போவது முதல் மழையில் எங்கே போகும்? ஏரிக்குத்தான். ஏரியிலிருந்து? ஒரு நகரத்தின் குடிநீருக்கு.

மீட் ஏரிக்கு மேலே, அதே கொலராடோ ஆற்றில், பாவெல் ஏரி இருக்கிறது. அங்கே கரையிலிருந்து கால் மைலுக்குள் தங்குபவர்கள், கழிப்பறை உள்ள படகில் வந்தவர்கள் தவிர, மலக்கழிவை அடைத்து எடுத்துப்போகும் மூடிய கலனைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்பது விதி. கலனை எடுத்துக்கொண்டு போய் உரிய இடத்தில் காலி செய்ய வேண்டும். பாலைவனத்தில் மட்கச் செய்யும் ஈரம் இல்லை. போட்டது போட்டபடி கிடக்கும். கரை அவ்வளவு நீளம், காவலர்கள் அவ்வளவு குறைவு. அதனால் எதுவும் கட்டாமல், எல்லாவற்றையும் வந்தவன் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

நம் ஊரில் இது நடக்குமா என்று உடனே உதட்டைப் பிதுக்க வேண்டாம். பாவ்னாவிலேயே உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தும் பல முகாம்களில் நிலத்தின் மேல் பக்கம் கழிப்பறை கட்டியிருக்கிறார்கள். தண்ணீரின் ஓரம் கூடாரம், மேட்டில் கழிப்பறை. இருட்டில் நூறு அடி நடக்க வேண்டும் என்பதுதான் குறை. நிலம் தன்னுடையது என்றால் அதைக் கெடுக்க மனம் வராது என்பதற்கு இது சாட்சி. குத்தகைக்காரரின் நிலத்தில்தான் பாட்டில்கள் குவிகின்றன.

அம்பர்நாத் வாசிகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தங்கள் கோயிலடி ஆறு எப்படிப் போனது என்று பார்த்தவர்கள். ஒரே நாளில் போகவில்லை. ஒவ்வொருவரும் 'நான் ஒருவன் கொட்டுவதால் என்ன?' என்று கேட்டதில் போனது.

தண்ணீருக்கு மரியாதை

இரவு 9 மணி. நெருப்பைச் சுற்றி ஆட்கள். ஏரி அசையாமல் கிடக்கிறது. இரண்டு இளைஞர்கள் குளிக்கப் போகலாமா என்கிறார்கள். மேலே இருந்து ஒரு அதட்டல், நிலத்துக்காரர். இருட்டில் வேண்டாம்.

அவர் சொல்வதில் நியாயம் உண்டு. அணைக்கரை கடற்கரை அல்ல. இரண்டு அடி ஆழம் அடுத்த எட்டில் இருபது அடி ஆகலாம். பழைய ஊரின் வரப்பும் கிணறும் மூழ்கிய மரமும் எங்கே இருக்கின்றன என்பது மேலிருந்து தெரியாது. கீழே சேறு காலைப் பிடிக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் இப்படிப்பட்ட அணைகளில் முழுகியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 2024 ஜூன் 30-இல் லோனாவாலாவின் பூஷி அணை அருகே, பாறை மீது நின்றிருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 5 பேரை, திடீரென்று பெருகிய வெள்ளம் கூட்டத்தின் கண்ணெதிரே அடித்துச் சென்றது. ஓட நேரமில்லை.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாதது. குளிர்கால இரவில், அணையாத கரியடுப்பைக் கூடாரத்துக்குள் எடுத்து வைத்துக்கொண்டு படுப்பது. கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தூங்குபவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். நெருப்பு வெளியே, போர்வை உள்ளே என்பது பாலபாடம்.

போக நினைப்பவர்களுக்கு வேறு சில: அக்டோபர் முதல் மே வரை பருவம், மழை தொடங்கியபின் கரைப்பக்கம் கூடாரம் வேண்டாம். உள்ளூர்க் குடும்பம் நடத்தும் முகாமா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள். நிற்கும் மரத்தை வெட்டி எரிக்க வேண்டாம். விறகை ஊரிலேயே விலைக்கு வாங்குங்கள். பாட்டை வீட்டில் விட்டுவிடுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் எண்ணிக்கையும் திரும்பக் கொண்டுவரும் எண்ணிக்கையும் சரியாக இருக்கட்டும்.

விடிந்தபின்

காலை 6 மணி. திகோனா கோட்டையின் முக்கோண உச்சியில் வெயில். சிறுமி யாருக்கும் முன்னால் எழுந்துவிட்டாள். மேட்டுக் கழிப்பறைக்குத் தனியாகப் போய்வந்த பெருமை முகத்தில். கூடாரங்கள் பிரிக்கப்படுகின்றன. வளைந்துபோன முளையை நிலத்துக்கார இளைஞர் கல்லின் மேல் வைத்துத் தட்டி நிமிர்த்துகிறார்.

மாமா ஒருவருக்கு இரவு கேட்காமல் விட்ட கேள்வி இப்போது நினைவுக்கு வருகிறது. கீழே இருக்கும் ஊரில் உங்கள் வீடும் இருந்ததா?

இளைஞர் தண்ணீரின் பக்கம் கை நீட்டுகிறார். அங்கே, கோயிலுக்கு இந்தப் பக்கம், இரண்டாவது வரப்பு. அவர் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் போனது. அப்பாவுக்கு அடையாளம் தெரியும். கோடையில் தண்ணீர் இறங்கினால் ஒருமுறை போய் நின்றுவிட்டு வருவார்.

சிறுமி கையிலிருந்த பிஸ்கட் உறையைக் கீழே போடப் போனவள், ஒரு கணம் நின்று, சட்டைப் பைக்குள் திணித்துக்கொள்கிறாள். யாரும் சொல்லித்தரவில்லை. 8 மணிக்கு ஜீப் வந்தது. குப்பை மூட்டை ஜீப்பின் கூரையில் ஏறியது. கரையில் மிஞ்சியது நான்கு வட்டச் சாம்பலும், கூடாரம் இருந்த இடத்தில் படுத்துப்போன புல்லும். அடுத்த மழையில் அதுவும் இருக்காது.